டிவிக்கு ஸ்வெட்டர் போட்டிருந்த வீடு

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது டிவி வந்தது. கோயமுத்தூர் வெயிலில் வியர்த்து வழிய இரண்டு பேர் தூக்கிவந்து சுவரில் மாட்டினார்கள். அவர்கள் ஆணி அடித்த தூசியைப் பெருக்குவதற்குள் என் மனைவி உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் டப்பாவை எடுத்துவந்து ஒயரைச் செருகிவிட்டாள். படம் வந்தது. நாலு ஓரமும் நாலு மூலையும் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருந்தன. எழுத்தெல்லாம் அச்சடித்த மாதிரி தெளிவு. ஒரு மெனுவைத் திறக்கவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை.

"என்னங்க, மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? படம் நல்லாத்தான வருது?" என்றாள் மனைவி.

நல்லா வந்ததுதான் என் குறை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? இளவயதில் சில வருஷங்கள் இந்த டப்பாவையும் டிவியையும் சேர்த்துவைப்பதே என் பிழைப்பாக இருந்தது. கல்யாணத் தரகர் வேலை மாதிரிதான். இரண்டும் தனித்தனியே தங்கமாக இருக்கும், ஒன்றாக உட்காரவைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த வித்தை இனி யாருக்கும் வேண்டாம் என்று ஒரு நொடியில் தெரிந்துபோனால் கொஞ்சம் உம்மென்று இருக்கமாட்டார்களா, நீங்களே சொல்லுங்கள்.

பழைய டிவியை எடுத்துப்போக வந்தவர் அதன் பின்னாலிருந்து ஒரு துணிச் சுருட்டலை இழுத்தார். "ஏனுங்க, இந்தத் துணி வேணுங்களா?" என்றார். வாங்கி உதறினேன். காப்பிக் கலரும் சந்தனக் கலரும் மாறிமாறி வரும் கம்பளி. பின்பக்கம் வரிசையாகப் பித்தான்கள். மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் சமவெளியில் இருந்தும் அதில் ஈரக் கம்பளியும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை போகவில்லை. அது என் அக்கா டிவிக்குப் போட்ட ஸ்வெட்டர்.

டிவிக்கு யாராவது ஸ்வெட்டர் போடுவார்களா என்று கேட்பவர்கள் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஆடி மாதம் இருந்து பார்க்கவேண்டும். சன்னலைத் திறந்தால் பனிமூட்டம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி உரசினால் மருந்துதான் உதிரும், பீரோவில் வைத்த பட்டுச்சேலை பூசணம் பிடிக்கும். அதற்காகப் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைப் பகலெல்லாம் எரியவிடுவார்கள். மனுசர்களைப் போலவே மின்சாரச் சாமான்களுக்கும் சளி பிடிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. சாந்தி அக்காவோ கையில் ஊசியும் நூலும் கிடைத்தால் அசையாத எதற்கும் உடுப்புப் பின்னிவிடுவாள். மிக்சிக்குக் குல்லா, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, டிவிக்கு ஸ்வெட்டர்.

அக்காவைக் கோத்தகிரிக்குப் பக்கத்துக் கட்டபெட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. மச்சான் நடராஜ் அங்கே ஒரு தனியார் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர். பச்சை இலை சாக்கில் வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டை கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு டீமேக்கர்தான். வாடின இலையை மெஷின் கடித்துத் துப்பியதும் அது பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். எந்த நேரத்தில் அதை எடுத்து ட்ரையர் சூட்டில் போடவேண்டும் என்பதை மச்சான் கடிகாரம் பார்த்துச் சொல்லமாட்டார். குனிந்து ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோவார். "ம், இப்பப் போடு" என்பார். அந்த மூக்கு அவரை எங்கேயும் சும்மா விடாது. பெண் பார்க்க வந்த அன்று அக்கா கொண்டுவந்த டீயை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். எங்கள் அம்மா சர்க்கரை டப்பாவை எடுக்க எழுந்துவிட்டாள். "ஒண்ணுமில்லீங்க, தண்ணி சித்த ஓவராக் கொதிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒரே மடக்கில் குடித்தார். சம்பந்தம் முடிந்தது.

நான் அப்போது குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தேன். குன்னூர் என்றால் தேயிலை ஏலம், ஏலம் என்றால் அதைச் சுற்றி ஆபீஸ்கள், ஆபீஸ் என்றால் கெட்டுப்போகிற கம்ப்யூட்டர்கள். நாங்கள் அதில்தான் சோறு தின்றோம். பிறகு தேயிலை விலை விழுந்தது. ஏன் விழுந்தது என்று பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது இதுதான். பறித்தால் பறிகூலிக்கே கட்டாது என்று இலையைச் செடியிலேயே விட்டார்கள். இடுப்பளவு நின்ற செடி தலைக்குமேல் வளர்ந்து பூப்பூத்தது. தேயிலைச் செடி பூத்தால் அந்தத் தோட்டத்தில் யாரோ மனம்விட்டுப் போனார்கள் என்று அர்த்தம். ஃபேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் ஓடின, பிறகு சில ஓடவே இல்லை. ஆபீஸ்களில் இருந்த கம்ப்யூட்டர்கள் கெட்டால் கெட்டபடியே கிடந்தன. எங்கள் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை, குளிர்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி கோயமுத்தூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்களை வாங்கிவந்து மேசையில் பரப்பினார். பொள்ளாச்சிக்காரர், எதற்கும் அசராதவர். "டிவி எல்லார் ஊட்லயும் இருக்குது. அதுக்கு மூள மட்டும் வித்தாப் போதும்டா" என்றார். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூளையை வாங்கிப்போனவர்கள் எல்லோரும் மறுநாளே போன் செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே புகார். படம் ஓரம் வெட்டுது.

இது டிவிகளின் பரம்பரைப் புத்தி. குழல் டிவி காலத்தில் படத்தின் ஓரங்கள் கோணல்மாணலாக இருக்கும். அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக இழுத்து, ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். சினிமா பார்ப்பவனுக்கு அது தெரியாது. தட்டை டிவி வந்த பிறகு அந்த அவசியமே இல்லை, ஆனாலும் பழக்கம் விடவில்லை. கம்ப்யூட்டருக்கோ முக்கியமான பொத்தான் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். நான் பையில் ஒயர்களைப் போட்டுக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி வீடு வீடாகப் போய், அந்தந்த டிவியின் மெனுவுக்குள் அந்தந்தக் கம்பெனிக்காரன் ஒளித்துவைத்த அந்த ஒரு செட்டிங்கைத் தேடிக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்ட ஓரத்துக்கு விலையில் தள்ளுபடி கேட்ட பெரியவர் ஒருவர் வெலிங்டனில் இருந்தார். கேட்டது நியாயம்தான்.

சுற்றிவளைக்கிறேன். கட்டபெட்டுக்கு வருகிறேன்.

மச்சானின் ஃபேக்டரியும் ஒரு மழைக்காலத்தில் நின்றது. தற்காலிகம் என்றுதான் கேட்டில் எழுதி ஒட்டினார்கள். அக்காவின் வாடகை வீடு ஃபேக்டரிக்கு நேர் எதிர்ச் சரிவில் இருந்தது. சன்னலைத் திறந்தால் நடுவில் ஒரு பள்ளம், அதற்கு அப்புறம் தகரக் கூரையும் உயரமான புகைபோக்கியும். விடியற்காலை சங்கு ஊதுவது நின்றபிறகும் மச்சான் அதே நேரத்துக்கு எழுந்து, மஃப்ளர் சுற்றி, கேட் வரை போய் நின்றுவிட்டு வருவார். வந்ததும் சமையலறையில் புகுந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்வார். மல்லி, மிளகு, கடுகு, எல்லாம். "மூக்குக்கு வேல இல்லீன்னா மனுசனுக்குக் கிறுக்கே புடிச்சிரும்போலடா" என்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள். நான் போகிற நாளெல்லாம் அவர் வீட்டுக்குள் நடந்துகொண்டேதான் இருந்தார். வாசலுக்கு, சன்னலுக்கு, மறுபடி வாசலுக்கு. அவரைப் பார்த்தாலே எனக்கும் உட்கார முடியாது. நானும் எழுந்து நடப்பேன். சின்ன வீடு. எதிரும் புதிருமாக இரண்டு ஆம்பிளைகள் நடந்தால் எப்படி இருக்கும்?

அப்போதுதான் ஆப்பிரிக்காவில் ஒரு தேயிலைக் கம்பெனியில் இருந்த அவருடைய பழைய சினேகிதர் அவர் பேரைச் சொல்லிவைத்தார். அங்கே டீமேக்கர் வேண்டுமாம். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசித்தான் எடுப்பார்களாம். நாளும் நேரமும் குறித்து அனுப்பிவிட்டார்கள். இது தவறினால் திருப்பூரில் ஒரு பனியன் குடோனில் மூட்டை எண்ணுகிற வேலை காத்திருந்தது. மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். தூரம் என்று யோசிக்க நேரமில்லை.

"கடைக்கு வந்துருங்க மச்சான், அங்கயே பேசிக்கலாம்" என்றேன்.

"வேண்டாம் மாப்ள. என்ற ஊட்ல ஒக்காந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். அப்பறம், பின்னாடி சன்னல்ல ஃபேக்டரி தெரியோணும். நான் எங்க வேல பாத்தவன்னு அவிய பாக்கட்டும்."

நின்றுபோன ஃபேக்டரியைக் காட்டி என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்கவில்லை. ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், என் தொழிலுக்குக் குடும்பத்திலேயே ஒரு அவசியம் வந்துவிட்டதே.

அந்த வீட்டில் செல்போன் சிக்னல் சன்னலில் மட்டும்தான் கிடைக்கும். நெட்டுக்கான டாங்கிளை நீள ஒயரில் கட்டி, அக்காவின் எவர்சில்வர் சல்லடைக்குள் வைத்துச் சன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். சல்லடையில் வைத்தால் சிக்னல் கூடும் என்று யாரோ சொன்னது, நிஜமாகவே கூடியது. டிவி எதிர்ச் சுவரோரம் மேசையில். அதன் தலையில் ஒரு குட்டிக் கேமரா. நாற்காலியைச் சன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டோம். நான் போனபோது அக்கா ஏதோ சீரியலில் இருந்தாள். அவளைக் கெஞ்சி ரிமோட்டை வாங்கி, டப்பாவை டிவியோடு சேர்த்தேன்.

நினைத்தபடியே ஓரம் வெட்டியது. என் போனிலிருந்து சோதனைக்குக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுப்பதற்கு உள்ள பச்சைப் பொத்தான் படத்தின் அடி ஓரத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. மச்சான் மௌசைப் பிடித்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்தார். "கதவத் தட்டறாங்க, கதவே இல்லியே மாப்ள" என்றார். டிவியின் மெனுவைக் குடைந்து அந்தச் செட்டிங்கைப் பிடித்தேன். நாலு ஓரமும் சுருங்கி உள்ளே வந்தன. பச்சைப் பொத்தான் வந்தது. மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் மச்சானே வந்தார், பின்னால் சன்னல், சன்னலில் புகைபோக்கி.

"அது நானா? இத்தன நரையா?" என்றார். அக்கா சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது.

மறுநாள் காலை போன். "மாப்ள, எல்லாம் பெருசு பெருசா, மங்கலாத் தெரியுது. பொத்தான் மறுபடி காணாமப் போச்சு."

பஸ் ஏறிப் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. டப்பாவை அணைத்து மறுபடி போட்டேன். அச்சடித்த மாதிரி படம் வந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாளும் அதே போன். ஒயரை மாற்றினேன். டப்பாவையே மாற்றினேன். படத்தின் அளவை நானே உள்ளே எழுதிவைத்தேன், அதையும் மதிக்கவில்லை. வோல்டேஜைக் குறை சொன்னேன், பனியைக் குறை சொன்னேன், கண்காணாத தேசத்தில் அந்த டப்பாவைச் செய்தவனைக் குறை சொன்னேன். குன்னூருக்கும் கட்டபெட்டுக்கும் நான் போய்வந்ததில் கண்டக்டர் என்னிடம் எங்கே என்று கேட்பதையே விட்டுவிட்டார். ராத்திரி கண்ணை மூடினால் வெட்டுப்பட்ட ஓரங்கள்தான்.

"நீ வந்தா ஒழுங்கா வருது, போனாக் கெட்டுப்போகுது. உனக்குப் பயந்துக்குதுடா" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டின் அடுத்த பத்து வருஷம் அந்தப் பச்சைப் பொத்தானில் இருக்கிறது, அது என் கண்முன்னால் மட்டும் வந்து நிற்கிறது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

குறித்த நாள் வந்தது. பனியில் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் ஏறியது. நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் முழுக்கைச் சட்டை, டை, அதற்குமேல் ஸ்வெட்டர் என்று தயாராக நடந்துகொண்டிருந்தார். படம் வழக்கம்போல் கெட்டிருந்தது, வழக்கம்போல் அணைத்துப் போட்டேன், வழக்கம்போல் சரியாக வந்தது. சிக்னல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. நான் சன்னலருகே நின்று சல்லடையைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கோணத்தில் நன்றாக நின்றது. "அப்படியே புடிச்சிக்க மாப்ள, அசையாத" என்றார் மச்சான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

அக்கா எழுந்து, மடித்துவைத்திருந்த ஸ்வெட்டரை எடுத்து டிவிக்குப் போட்டுப் பித்தான்களை மாட்டினாள். "என்னக்கா பண்ற?" என்றேன். "சூடா இருக்கற கண்ணாடியில பனி எறங்குனா என்னத்துக்கு ஆகும்? கரண்டு போனா மொதல்ல இதத்தான் செய்யோணும்" என்றாள். நியாயம்தானே என்பது போல மச்சானும் தலையாட்டினார்.

கரண்ட் வந்தது. நான் சல்லடையை விட முடியாது, கோணம் போய்விடும். ஆகவே அத்தனை நாளில் முதல்முறையாக, கையைக் கட்டிப்போட்ட மாதிரி நின்று, அந்த வீட்டில் டிவியை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தேன். மச்சான் முதலில் ஸ்டெபிலைசரைப் போட்டார். அது டிக் என்று சத்தம் கொடுக்கும் வரை அசையாமல் நின்றார். அடுத்து டப்பாவைப் போட்டார். அதன் சின்ன விளக்கு மினுக்கியது. "அது சித்த சூடேறட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே டிவியின் பின்பக்கம் போய் ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினார். ஸ்வெட்டரை உருவி, உதறி, நாலாக மடித்து அக்காவிடம் கொடுத்தார். ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்தார். மூலைகளையும் துடைத்தார். கடைசியாக டிவியைப் போட்டார்.

படம் வந்தது. பெருசு பெருசாக, மங்கலாக, ஓரம் வெட்டி.

எனக்கு மண்டையில் பொறி தட்டியது. டப்பா கண்விழித்ததும் முதல் வேலையாக எதிரே இருக்கும் டிவி எப்படிப்பட்டது, என்ன அளவு என்று விசாரிக்கும். அந்த நேரம் டிவி ஸ்வெட்டருக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. பதில் இல்லை. சரி, ஏதோ ஒன்று இருக்கும் என்று டப்பா தனக்குத் தெரிந்த ஆகக் குறைந்த அளவில் படத்தைத் தயார் செய்துவிடும். பிறகு விழிக்கிற டிவி அதை இழுத்துப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும். நான் போகிறபோதெல்லாம் டிவி ஓடிக்கொண்டிருக்கும், அதனால் எனக்கு மட்டும் சரியாக வந்தது.

மணி அடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து. பொத்தான் இல்லை. மச்சான் மௌசை நாலு பக்கமும் இழுத்தார்.

"மச்சான்!" என்று கத்தினேன். "ட்ரையர் சூடாகறதுக்கு முன்னாடி இலையக் கொட்டுவீங்களா?"

"ஏன் மாப்ள, கொட்டுனா அத்தனையும் புளிச்சிருமே."

"அதேதானுங்க. டிவிதான் ட்ரையர். அது ஓடிட்டு இருக்கோணும், அப்பறந்தான் டப்பா. டப்பாவ மட்டும் அணைச்சுப் போடுங்க!"

ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், வேறு விளக்கம் கேட்கவில்லை. டப்பாவை அணைத்தார். மணிச் சத்தம் பாதியில் அறுந்தது. மறுபடி போட்டார். விளக்கு மினுக்கியது. படம் வந்தது, முழுசாக, நாலு ஓரத்தோடு. அடி ஓரத்தில் பச்சைப் பொத்தானுக்கு உண்டான இடம் காலியாகக் கிடந்தது. கூப்பிட்டவர்கள் போய்விட்டார்கள்.

அந்தக் காத்திருப்பை என்னால் எழுத முடியாது. சல்லடை பிடித்த கை மரத்துப்போனது. அக்கா மடித்த ஸ்வெட்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை, அத்தனை மாதத்தில் அவர் நடக்காமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு மணி அடித்தது. பச்சைப் பொத்தானை அவர் பூவைத் தொடுவது போலத் தொட்டார்.

பேச்செல்லாம் எஸ்டேட் இங்கிலீஷில். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு வெள்ளைத் தட்டில் தேயிலைத் தூளைப் பரப்பிக் கேமராவுக்கு அருகே காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்தார், டிவியை நோக்கிக் குனிந்தார், மூக்கை இழுத்தார். இழுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அந்தப் பக்கம் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். மச்சானும் சிரித்துவிட்டார். "சாரி சார். வித்தவுட் ஸ்மெல், ஐ கேன் ஒன்லி கெஸ்" என்றார். அதற்கப்புறம் நடந்த பேச்சு சினேகிதர்கள் பேச்சு மாதிரி இருந்தது. பின்னால் தெரிவது என்ன என்று அவர்கள் கேட்டார்கள். மச்சான் திரும்பிப் பார்த்தார். "மை ஃபேக்டரி சார்" என்றார். நான் சல்லடையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

வேலை கிடைத்தது. போனார்.

அதன்பிறகு அக்கா அந்த வீட்டில் தனியாக. டிவி முதலில், டப்பா பிறகு என்பதை அவள் ஒருபோதும் மறக்கவில்லை. சொல்லப்போனால் டிவியை அணைப்பதையே விட்டுவிட்டாள். அவர் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் டப்பா விழித்தவுடன் டிவி எதிரே இருக்கவேண்டுமாம். ஸ்வெட்டர் மடித்தபடியே அலமாரியில் கிடந்தது. மச்சான் பேசும்போதெல்லாம் சாப்பிட்டாயா, மகள் போன் பண்ணினாளா என்று கேட்டு முடித்துவிட்டு, "சித்த அக்கட்டால நவுந்து ஒக்காரு" என்பார். அக்கா நகர்வாள். சன்னல் தெரியும். "பொகை ஏதாச்சும் வருதா?" என்பார். "இல்லீங்க, இன்னும் இல்ல." "சரி, வரும்." ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. அவர் அக்காவைப் பார்க்கக் கூப்பிடுகிறாரா, புகைபோக்கியைப் பார்க்கக் கூப்பிடுகிறாரா என்று நான் கேலி செய்வேன். அக்கா கோபித்துக்கொள்ளமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். ஃபேக்டரியை யாரோ வாங்கிவிட்டார்கள், மெஷின்களுக்காக மட்டும். லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு மலையிறங்கின. காலையிலேயே புகைபோக்கியில் ஆள் ஏறி கேஸ் வைத்து வெட்டினார்கள். மேல்பாதி கயிற்றில் தொங்கி மெதுவாக இறங்கியது. அக்கா சன்னலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மச்சான் கூப்பிடுகிற நேரம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, மொதல்ல ஓரம் வெட்டிட்டு இருந்துச்சில்ல. அதே மாதிரி மறுபடி வெச்சுக் குடுக்கறியா? சன்னல் தெரியாத மாதிரி."

டிவியில் வெட்டினால் நமக்குத்தான் வெட்டும், அவருக்கு எல்லாம் முழுசாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. எத்தனை பஸ் ஏறி அந்த ஓரங்களை உள்ளே கொண்டுவந்தேன். கேமராவைக் கொஞ்சம் திருப்பி, நாற்காலியை இழுத்து, பின்னால் காலண்டர் மாட்டின சுவர் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொடுத்தேன். சன்னல் கதவையும் சாத்தினேன்.

மணி அடித்தது. மச்சான் வந்தார். எல்லாம் விசாரித்தார். பிறகு அக்காவின் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"சன்னலக் காணோம்?"

"பனி உள்ள வருதுங்க. சாத்திப்போட்டேன்" என்றாள் அக்கா.

"ம். சாத்தியே இருக்கட்டும்" என்றார். அதன்பிறகு அவர் புகையைப் பற்றிக் கேட்டதே இல்லை.

அடுத்த வருஷம் லீவில் வந்து அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். சாமான்களை அங்கங்கே கொடுத்துவிட்டு, டிவியை எனக்குத் தந்தார்கள், ஸ்வெட்டரோடு. இப்போது குன்னூரில் எங்கள் கடை இல்லை, அந்த இடத்தில் வர்க்கி பிஸ்கட் விற்கிறார்கள். முதலாளி பொள்ளாச்சிக்கே போய்விட்டார். அக்கா இருந்த வீட்டை இடித்துக் கண்ணாடி வைத்த காட்டேஜ் கட்டியிருப்பதாகக் கேள்வி. அவர்களுக்கும் அந்தப் பள்ளம்தான் தெரியும், ஆனால் எதிரே ஒன்றும் இருக்காது.

வீட்டைக் காலி செய்த அன்று டிவியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, முதல் வளைவில் மச்சான் வண்டியை நிறுத்தச் சொன்னார். நானும் கூட இறங்கினேன். எதிரே தகரம் உரித்த கட்டடமும் புல்லும்.

"பொகைபோக்கிய வெட்டுன அன்னைக்குக் காத்தாலயே எனக்குத் தெரியும் மாப்ள" என்றார். "ஃபேக்டரி ஆளு ஒருத்தன் போட்டோ அனுப்பிப்போட்டான். உங்கக்கா எங்கிட்ட அத எப்படிச் சொல்லப்போறாளோன்னு பகலெல்லாம் நடந்துட்டே இருந்தேன். அவ சன்னலச் சாத்திப்போட்டேன்னு சொன்னா பாரு, அப்பத்தான் ஒக்காந்தேன்."

அக்கா ஜீப்புக்குள் இருந்தாள். கேட்டாளோ என்னவோ, இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பள்ளத்திலிருந்து காற்று ஏறிவந்தது. முன்பெல்லாம் அந்த வளைவு திரும்பினாலே ஃபேக்டரி வாசனை வந்து முகத்தில் அடிக்கும், பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து பையை எடுப்பார்கள். மச்சான் முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, நன்றாக மூச்சை இழுத்தார். மறுபடி ஒருமுறை இழுத்தார்.

"வாசமே இல்ல மாப்ள" என்றார். "வா, போலாம்."